‘சும்மா’ என்று ஒட்டியிருந்த பெட்டி

செய்தி வந்தபோது நான் ஒரு கிழவருக்குக் காலுறை போட்டுக்கொண்டிருந்தேன். இடது காலுக்குப் போட்டாயிற்று. வலது காலைத் தூக்கிப் பிடித்திருக்கும்போது பொக்கற்றுக்குள் தொலைபேசி அதிர்ந்தது. ஆஸ்பத்திரி இலக்கம். தாதி என் பெயரைச் சொல்ல இரண்டு முறை முயன்று தடுக்கி, பிறகு பெயரை விட்டுவிட்டு, "அமைதியாகப் போய்விட்டார்" என்றாள். காலை எட்டு மணி ஆகவில்லை. மற்றக் கால் குளிர்கிறது என்று கிழவர் முறையிட்டார். அந்தக் காலுக்கும் போட்டு, மடிப்பை நேராக்கி, செருப்பையும் மாட்டிவிட்டுத்தான் துணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். ஸ்ரெல்லா அக்கா பக்கத்தில் நின்றிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். "தொட்ட வேலையை முடிச்சிட்டு அழும், வதனி."

முப்பத்தோராம் நாள் பூசைக்கு அச்சடிக்கும் நினைவு மலரில் ஒரு பக்கம் எழுதித் தரும்படி அக்காவின் பங்கு மக்கள் என்னிடம் கேட்டார்கள். நான் சைவக்காரி, பூசையில் எப்போது எழும்புவது எப்போது முழங்காலில் நிற்பது என்றுகூடத் தெரியாது. ஆனால் ஜெர்மனியில் இந்த ஹம் நகரத்து முதியோர் இல்லத்தில் அவரோடு ஒரே மாடியில் பதினாறு வருடம் வேலை செய்தவள் நான்தான். அன்பானவர், பண்பானவர் என்று எழுத எனக்கு வராது. ஒரு பக்கத்துக்குள் அடங்கவும் அடங்காது. வெட்டுகிறவர்கள் வெட்டிக்கொள்ளட்டும். ஒன்றை மட்டும் வெட்ட விடமாட்டேன். நான் செய்த பிழை ஒன்று இதற்குள் இருக்கிறது.

உங்களில் பாதிப் பேர் அவரைப் ‘பாம்பு அக்கா’ என்றுதான் கூப்பிட்டீர்கள். முகத்துக்கு நேரே ஸ்ரெல்லா அக்கா, அங்கால் திரும்பினால் பாம்பு அக்கா. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். தனியாக இருக்கிற பொம்பிளை, ஐம்பது வயது தாண்டியவர், மன்னாரில் இருந்து வந்து ஒரு கலியாணமும் செய்யாமல், வீட்டில் ஒரு அறையைச் சூடாக்கிப் பாம்பு வளர்க்கிறார் என்றால் நாலு கதை வரத்தானே செய்யும். மாதா திருநாளுக்குப் போன இடத்தில் ஒருவர், பெயர் வேண்டாம், சிலையின் காலடியில் நசிபடும் பாம்பைக் காட்டி, "ஸ்ரெல்லா, உங்க பாரும், உம்மட செல்லம்" என்றார். அக்கா நிதானமாகச் சிலுவை அடையாளம் போட்டு முடித்துவிட்டு, "அது கதைச்சுக் கெடுத்த பாம்பு. என்ர ஒண்டும் கதைக்காது" என்றார். சொன்னவர் அதற்குப் பிறகு அன்று முழுக்க எங்கள் பக்கம் வரவில்லை.

பாம்பு எப்படி அவரிடம் வந்தது என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் மாடியில் ஹெர் பிறாண்ட் என்று ஒரு முதியவர் இருந்தார். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆயுசு முழுக்கப் பாம்பு வளர்த்து, இல்லத்துக்கு வரும்போது எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, புத்தகங்களை மட்டும் கொண்டு வந்தவர். நான் அந்த அறைக்குள் போனால் அந்த அட்டைகளைப் பார்க்காமலே தூசி தட்டுவேன். ஒரு நாள் அக்கா அவருக்குச் சூப் ஊட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு புத்தகம் விரிந்து கிடந்தது. அதில் ஒரு பாம்பு. உடம்பு பால் வெள்ளை, அதில் எலுமிச்சம்பழ மஞ்சளில் திட்டுத் திட்டாகப் படம், கண் இளஞ்சிவப்பு. அக்கா கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி, "இதின்ர தாய் தகப்பன் என்ன நிறம்?" என்று கேட்டார். "மண்ணிறம். இரண்டுமே சாதாரண மண்ணிறம்" என்றார் கிழவர். "ரெண்டும்?" "இரண்டும்." அக்கா மூன்றாம் முறையும் கேட்டார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். சூப் ஆறிப் போனது. அவர் அப்படி வேலையில் உட்கார்ந்து நான் கண்டதே இல்லை.

அதுகள் ஆபிரிக்காவில் இருந்து வந்த சாதி. எங்கள் ஊர் மலைப்பாம்பு, வெங்கிணாந்தியின் குட்டித் தங்கை என்று சொல்லலாம். நஞ்சு இல்லை, பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்து போலச் சுருண்டுவிடும். "பயம் வந்தா இது சுருளும், மனுசர் எண்டா வாயைத் திறப்பினம்" என்பார் அக்கா. ஹெர் பிறாண்ட் சீட்டுக்கட்டை எடுத்து வைத்து எங்கள் இருவருக்கும் விளங்கப்படுத்தினார். ஒவ்வொரு பாம்பின் கையிலும் இரண்டு சீட்டு. தாய் ஒன்று கொடுக்கும், தகப்பன் ஒன்று கொடுக்கும். கறுப்புச் சீட்டு ஒன்று இருந்தாலே குஞ்சு மண்ணிறம். இரண்டும் சிவப்பாக வந்தால்தான் வெள்ளை. தாயும் தகப்பனும் ஆளுக்கொரு சிவப்புச் சீட்டை ஒளித்து வைத்திருந்தால், வெளியில் பார்க்க இரண்டும் மண்ணிறம், ஆனால் நாலு முட்டைக்கு ஒன்று வெள்ளையாக வரக் கூடும். அக்கா அன்று இரண்டு சீட்டைக் கேட்டு வாங்கிப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு போனார். ஒரு கறுப்பு, ஒரு சிவப்பு.

இங்கே ஹம்மில் வருடத்துக்குச் சில தடவை பெரிய மண்டபங்களில் பாம்புச் சந்தை கூடும் என்று உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு ரயில் நிலையத்தில் இருந்தே தெர்மோஸ் பெட்டியோடு ஆட்கள் வரிசையாகப் போவார்கள். அந்தச் செப்ரெம்பரில் நாங்கள் மூன்று பேர் போனோம். சில்லு நாற்காலியில் ஹெர் பிறாண்ட், தள்ளியது அக்கா, பின்னால் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான். கண்ணில் படுகிற ஒவ்வொரு பெட்டிக்கும் "நாகதம்பிரானே" என்று மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டு போனேன். கும்பிட்டு முடிகிற சந்தையா அது! வெள்ளைப் பாம்பு விற்பனைக்கு இருந்தது. எங்களால் கிட்டவும் போக ஏலாத விலை. "எனக்கு வெள்ளையே தேவையில்லை" என்றார் அக்கா. "மண்ணிறத்தில பிறக்கிறதைத்தான் நான் பாக்கோணும்."

சிவப்புச் சீட்டை ஒளித்து வைத்திருக்கும் ஒரு ஆண் குஞ்சையும் ஒரு பெண் குஞ்சையும் ஹெர் பிறாண்ட் தெரிந்தெடுத்தார். விற்றவன் கிழவரின் பழைய கூட்டாளி. ஆசைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று இன்னொரு பெண் குஞ்சையும் சும்மா கொடுத்தான். அது ஒன்றையும் ஒளிக்காத வெறும் மண்ணிறம். அக்காவின் கமராவை வாங்கி நான்தான் படம் எடுத்தேன். கிழவர் மடியில் பெண் குஞ்சு இரண்டையும் கைக்கு ஒன்றாகப் பிடித்தபடி, வாயெல்லாம் பல். அதில் எது எது என்று அன்று எனக்குத் தெரியும். அடுத்த நாள் கேட்டிருந்தால் தெரியாது. இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே முழிப்பு. வித்தியாசம் எல்லாம் பெட்டியில் ஒட்டிய துண்டில்தான் இருந்தது. அக்கா நீல மையால் ஒன்றில் ‘உள்வெள்ளை’ என்று எழுதினார். மற்றதில் ‘சும்மா’ என்று எழுதினார். ஆண் குஞ்சின் பெட்டியில் ‘மாப்பிள்ளை’. அந்தக் குளிர்காலம் தொடங்கமுன் ஹெர் பிறாண்ட் போய்விட்டார். அவர் கைச்சீட்டுக் கட்டு இரண்டு குறைவாகவே அவர் மருமகளிடம் போனது.

இனி என் பிழை.

வருடம் பிறந்த கையோடு அக்காவை முதுகுநோவுக்குக் ‘கூர்’ என்று அனுப்பினார்கள், நாலு கிழமை மலைப் பக்கம் ஓய்வு வைத்தியம். வீட்டுத் திறப்பை என்னிடம் தந்து, "உம்மை நம்பித்தான் போறன். ஐஸ்பெட்டியில இருக்கிற எலியை இளஞ்சூட்டில இளக வைச்சுப் போடும். வேற ஒண்டும் செய்யத் தேவையில்லை" என்றார். வேறு ஒன்றும் செய்யத் தேவையில்லை என்று அவ்வளவு தெளிவாகச் சொன்னார். கேட்டேனா? பொங்கலுக்கு முதல் நாள் என் வீட்டைக் கழுவித் துடைத்து முடித்துவிட்டுப் பாம்புகளைப் பார்க்கப் போனேன். அறை ஒரு மாதிரி மணத்தது. நாளைக்குப் பொங்கல், நாகம் இருக்கிற இடம் ஊத்தையாக இருக்கிறதா என்று மனம் கேட்கவில்லை. ஆரைக் கேட்டுச் செய்தாய் என்று இன்றைக்கு என்னையே கேட்கிறேன்.

மூன்று குஞ்சுகளையும் மூன்று தலையணை உறைக்குள் விட்டு வாயைக் கட்டினேன். பெட்டிகளைக் குளியல் தொட்டியில் போட்டுக் கொதி தண்ணீர் ஊற்றி உரஞ்சினேன். கடைசியில் மஞ்சள் கரைத்துத் தெளித்தேன். திரும்பிப் பார்த்தால் மூன்று துண்டும் கழன்று தண்ணீரில் மிதக்கின்றன. மாப்பிள்ளைக்கு வால் நுனியில் ஒரு வடு, அதில் குழப்பம் இல்லை. மற்ற இரண்டும்? பூப்போட்ட உறையில் உள்வெள்ளை, கோடு போட்ட உறையில் சும்மா என்று ஒரு நினைப்பு. இல்லை, கோடு போட்டதில்தான் முதலில் விட்டேனோ? அரை மணித்தியாலம் அந்த உறைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு பூப்போட்டதுதான் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லி, துண்டுகளைக் காயவைத்துப் பசை போட்டு ஒட்டினேன். அடுத்த நாள் பொங்கி, சாமிக்குப் படைத்தேன்.

அக்கா திரும்பி வந்து பெட்டி மூலைகளில் மஞ்சள் ஊறிக் கிடப்பதைக் கண்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "என்ன வதனி, என்ர பிள்ளையளுக்குச் சாமத்தியச் சடங்கோ?" நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு சொல்லியிருக்கலாம். ‘அக்கா, துண்டு கழண்டு போச்சு, ஒருக்கால் சரிபாருங்கோ.’ ஒரு வசனம். வேலையில் யார் மருந்துப் பெட்டியை மாற்றி வைத்தாலும் முதலில் வாயைத் திறக்கிறவள் நான்தான். அந்த வாய் அன்று திறக்கவில்லை. வெட்கம். சரியாகத்தானே ஒட்டியிருப்பேன் என்று விட்டுவிட்டேன்.

குஞ்சுகள் வளர்ந்து முட்டையிட இரண்டு வருடத்துக்கு மேல் போயிற்று. பாம்பு விடயத்தில் அக்காவுக்கு அவசரமும் அந்தரமும் இல்லை. வேலை முடிந்து வந்து, உடுப்பு மாற்றி, மூன்றையும் கையில் எடுத்து நிறை பார்த்து எழுதுவார். தின்னாவிட்டால் ஏசமாட்டார், "பசிக்கேக்கை தின்னுவா" என்று மூடிவிடுவார். ‘உள்வெள்ளை’ப் பெட்டிக்காரியை மாப்பிள்ளையோடு சோடி சேர்த்ததில் முதல் முறை ஐந்து முட்டை. வெப்பப் பெட்டியில் இரண்டு மாதம் வைத்து, ஒவ்வொன்றாக வெடித்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். மண்ணிறம், மண்ணிறம், மண்ணிறம். ஐந்தும் மண்ணிறம். ஈரத் தலையை நீட்டிக்கொண்டு வடிவான குஞ்சுகள். "பாருங்கோ அக்கா, எவ்வளவு வடிவு" என்றேன். அக்கா அழுதுகொண்டிருந்தார். பாம்புக் குஞ்சின் நிறத்துக்கு ஒரு மனுசி இப்படி அழுவாளா என்று எனக்குக் கோபமே வந்தது. "விசரே உங்களுக்கு" என்றும் சொல்லிவிட்டேன். அப்போதுதான் அவர் சொன்னார்.

அவருக்கு ஒரு தம்பி, யூட். வெள்ளையாகப் பிறந்தவன். தலைமயிர் வைக்கோல் நிறம், கண் வெயிலில் திறக்க ஏலாது. தாயும் தகப்பனும் எங்களைப் போலக் கறுத்த சனம். கடற்கரையில் மீன் வாடி வைத்திருந்த தகப்பன் பிள்ளையைப் பார்த்துவிட்டு, அந்தக் காலத்தில் அங்கே நடமாடிய வெள்ளைக்காரர் ஒருவரின் பெயரைச் சொல்லி மனைவியிடம் கேட்டார். ஒரே ஒரு கேள்வி. பிறகு தன் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த தெருவில் தன் தமையன் வீட்டில் போய் இருந்துவிட்டார். தாய் யூட்டுக்கு முழங்கை மறைய, கழுத்து மறையச் சட்டை தைத்துப் போட்டு, உச்சி வெயிலில் வெளியே விடாமல் பிடித்துப் பிடித்து வளர்த்தார். அக்காவைப் பெண் கேட்டு வந்தவர்கள் வாசலில் தம்பியைக் கண்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். யூட் இருபத்திரண்டு வயதில் தோலில் வந்த புண்ணால் செத்தான். அடக்கத்தன்று தகப்பன் சேமக்காலைக் கல்லறை மதிலுக்கு வெளியே நின்றார். தாய் அடுத்த வருடம் போனார். கடைசி வரைக்கும் அந்தத் தாய் தன்னை நல்லவள் என்று ஒருவருக்கும் நிரூபிக்க முடியவில்லை.

"டொக்ரர்மார் சொல்லுவினமே அக்கா, இது பிறவியில வாறது எண்டு" என்றேன். "சொன்னனான். கடிதம் எழுதினனான். ஐயா என்ன சொன்னவர் தெரியுமே? படிச்சவை எதையும் எழுதுவினம், நான் கண்ணால காணட்டும் எண்டவர்." ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து அக்கா மன்னாருக்குப் போன் எடுப்பார். மழை, இறால், முழங்கால் நோவு என்று தகப்பன் எல்லாம் கதைப்பார். தாயின் பெயர் மட்டும் வாயில் வராது. "எண்பத்திமூண்டு வயது, வதனி. அவர் கண்மூட முந்தி நான் ஒரு படம் அனுப்போணும். மண்ணிறத் தாய், மண்ணிறத் தகப்பன், வெள்ளைப் பிள்ளை. பாம்புக்குக் கள்ளம் தெரியாதெண்டு அவருக்கு விளங்கும்." பொக்கற்றில் இருந்து அந்த இரண்டு சீட்டையும் எடுத்து மேசையில் வைத்தார். ஓரம் எல்லாம் தேய்ந்து போயிருந்தது.

இதைக் கேட்ட பிறகு நான் எப்படிச் சொல்வேன்? உங்களில் யாராவது சொல்லியிருப்பீர்களா? ஐந்து முட்டையில் வெள்ளை வராமல் போவது நடக்கக் கூடியதுதான் என்று நாங்கள் இருவரும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டோம். அடுத்த வருடம் ஆறு முட்டை. ஆறும் மண்ணிறம். நான் கோயிலில் போய் நெய்விளக்குப் போட்டேன். அம்மாளாச்சி, நான் ஒட்டின துண்டு சரியாக இருக்கட்டும் என்று. இரவு படுத்தால் பூப்போட்ட உறையும் கோடு போட்ட உறையும்தான் கண்ணுக்குள் நின்றன. என் மனுசன், "சொல்லித் துலையன்" என்றார். அந்த இலையுதிர் காலத்தில் அக்காவுக்கு ஈரலில் வருத்தம் கண்டார்கள். அதற்குப் பிறகு சொல்ல எனக்கு வாயும் இல்லை, மனமும் இல்லை.

மருந்து ஏற்றுகிற காலத்திலும் அவர் பாம்பு அறையை விடவில்லை. தடியை ஊன்றி நின்று மூன்றாம் முறையும் சோடி சேர்த்தார். நான் உதவிக்கு வரட்டோ என்று கேட்டதற்கு, "வேண்டாம், நீர் எனக்குக் கஞ்சி வையும்" என்று குசினிக்கு அனுப்பிவிட்டார். பங்குனிக் கடைசியில் ஏழு முட்டை. நான் போனபோது முட்டைகள் வெப்பப் பெட்டிக்குள் போய்விட்டன. ‘உள்வெள்ளை’ என்று ஒட்டிய பெட்டியில் தாய் வயிறு ஒட்டிப்போய்க் கிடந்தாள். சித்திரையில் அக்காவை ஆஸ்பத்திரியில் மறித்து வைத்துக்கொண்டார்கள்.

நான் தினமும் வேலை முடிந்து முதலில் பாம்பு வீட்டுக்கும் பிறகு ஆஸ்பத்திரிக்கும் போவேன். "சூடு எத்தினை?" என்பார். முப்பத்தொன்றரை என்பேன். "ஈரம்?" இருக்கு என்பேன். கண்ணை மூடிக்கொள்வார். கடைசியாக அவர் வடிவாகக் கதைத்த நாள் ஒரு வியாழன். என் கையைப் பிடித்துக்கொண்டு, உதட்டோரம் ஒரு சிரிப்போடு, "வதனி, குஞ்சு வந்தாப் பிறகு மஞ்சள் தண்ணி கிண்ணி தெளிக்காதையும், என்ன" என்றார். "உங்களுக்கு இன்னும் அந்தப் பகிடி மறக்கேல்லையே" என்றேன். "மறக்கேல்லை. ஆனா கோவமும் இல்லை" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மருந்து மயக்கத்தில் கதைக்கிறார் என்று நினைத்தேன். உதட்டுக்குத் தண்ணீர் தொட்டு வைத்துவிட்டு வந்தேன். அதற்கு மூன்றாம் நாள்தான் அந்தக் காலுறைக் காலை.

அடக்கம் முடிந்து ஐந்தாம் நாள் முட்டை வெடிக்கத் தொடங்கியது. நாலு மண்ணிறம் வந்தது. ஐந்தாவது முட்டையின் கீறலுக்குள் ஒரு மூக்கு. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தேன். வெள்ளை. நனைந்த வெள்ளை, அதில் மஞ்சள். இளஞ்சிவப்புக் கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. "அக்கா" என்று நான் போட்ட சத்தத்துக்கு மேல்வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டினாள். இரண்டு கிழமை. இன்னும் இரண்டு கிழமை அவரால் இருக்க முடியவில்லை. நிலத்தில் குந்தியிருந்து வாய்விட்டு அழுதேன். அந்த அழுகைக்குள்ளும் ஒரு வெட்கங்கெட்ட நிம்மதி எனக்கு வந்ததை எழுதத்தான் வேண்டும். அப்படியென்றால் நான் மாற்றி ஒட்டவில்லை. பூப்போட்ட உறை சரி. வெறும் அதிர்ஷ்டம்தான் இரண்டு வருடம் பிந்தியது என்று நினைத்தேன்.

அந்த நிம்மதி மூன்று நாள்தான் இருந்தது. குஞ்சுகளுக்கு இடம் ஒதுக்கப் பெரிய பெட்டிகளை நகர்த்தும்போது ‘உள்வெள்ளை’ என்ற துண்டை முதல் முறையாகக் கிட்டப் பார்த்தேன். கடுதாசி புதுசு. மை கறுப்பு. எழுத்து நடுங்கியிருந்தது, வருத்தம் வந்த பிறகு அக்கா எழுதிய எழுத்து. ‘சும்மா’ என்ற துண்டும் அப்படியே. மேசை லாச்சியைத் திறந்தால் மேலேயே சந்தையில் நான் எடுத்த படமும் அதன் மேல் பூதக்கண்ணாடியும் இருந்தன. கிழவரின் வலக் கைக் குஞ்சைச் சுற்றி நீல மையில் ஒரு வட்டம், வாங்கிய அன்றே போட்டது, பக்கத்தில் ‘உள்வெள்ளை’. அந்தக் குஞ்சின் கழுத்துக்குப் பின்னால் பூட்டின் திறப்பு ஓட்டை போல ஒரு அடையாளம். கைரேகை போல அது ஆளுக்காள் வேறு, வளர்ந்தாலும் மாறாது. நான் பெட்டியைத் திறந்து பார்த்தேன். முட்டையிட்ட தாயின் கழுத்தில் அதே திறப்பு ஓட்டை. நாலு வருடமாக நான் ‘சும்மா’ என்று ஒட்டி வைத்திருந்தவள் இவள்தான்.

அக்கா கண்டுபிடித்துவிட்டார். அந்தக் குளிர்காலத்தில், வாந்திக்கும் காய்ச்சலுக்கும் நடுவில், பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தனியே இருந்து கண்டுபிடித்து, துண்டைக் கிழித்துப் புதிதாய் எழுதி ஒட்டி, என்னைக் குசினிக்கு அனுப்பிவிட்டுச் சரியானவளைச் சோடி சேர்த்திருக்கிறார். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. தன் தாயை ஒரு கேள்வி கேட்டுக் கொன்ற வீட்டில் பிறந்தவர் அவர். என்னைக் கேள்வி கேட்காமலே போய்விட்டார். மஞ்சள் தண்ணி தெளிக்காதையும் என்று மட்டும் சொன்னார்.

ஆகவே இந்த மலரை வாசிக்கிற நீங்கள் அறிந்துகொள்ளுங்கள். ஸ்ரெல்லா அக்கா தன் கண்ணால் காண ஆசைப்பட்ட ஒரே ஒரு பிறப்பைக் காணாமல் போனதற்குக் கடவுளும் காரணம் இல்லை, பாம்பும் காரணம் இல்லை. நான்தான். வாய் திறக்க வேண்டிய நேரத்தில் நான் திறக்கவில்லை. பாம்பு அக்கா என்று சிரித்த உங்களைவிட நான் எந்த வகையிலும் திறமில்லை.

படத்தை நான் எடுத்தேன். மண்ணிறத் தாய் ஒரு பக்கம், மண்ணிறத் தகப்பன் ஒரு பக்கம், நடுவில் முட்டைக்குள் இருந்து பாதி வெளியே வந்த வெள்ளைக் குஞ்சு. மன்னார் விலாசத்துக்கு விரைவுத் தபாலில் அனுப்பினேன். எனக்கு எழுத்து நடை தெரியாது. "ஐயா, இவை ரெண்டும்தான் தாய் தகப்பன். வீட்டில் வேறு ஆண் பாம்பு இல்லை. பெட்டி பூட்டியிருந்தது. இதை உங்களுக்குக் காட்டத்தான் உங்கள் மகள் ஐந்து வருடம் பாடுபட்டவ" என்று எழுதி மடித்தேன். மகள் செத்த செய்தியை நான்தான் போனில் சொன்னேன். அன்று அவர் "ம்" என்றதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் இதற்கும் பதில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

போன ஞாயிறு, அக்கா போன் எடுக்கிற அதே நேரத்துக்கு, என் தொலைபேசி அடித்தது. யாரோ பொடிச்சி இலக்கம் அழுத்திக் கொடுத்திருக்கிறாள். மூச்சுத்தான் முதலில் கேட்டது. "படம் வந்தது" என்றார். "ரெண்டும் கறுப்புத்தான்" என்றார். "ஓம் ஐயா." பிறகு காகம் கத்துவது மட்டும் கேட்டது. போனைக் கீழே வைத்துவிட்டாரோ என்று "ஐயா, ஐயா" என்று கூப்பிட்டேன். கிழவர் அழுகிறார். எண்பத்தைந்து வயது மனுசன் அப்படி அழுவதைக் கேட்கக் கூடாது. "அவளிட்டை ஒருக்காக் கேக்காம விட்டிருக்கலாம்" என்றார். மனைவியைச் சொல்கிறார் என்று எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. மன்னித்தேன் என்றோ மன்னிக்கச் சொல்லியோ ஒன்றும் வரவில்லை. வைக்கப் போகும்போது மட்டும், "பிள்ளை, அந்தக் குஞ்சு உங்களிட்டையோ?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

"வெயிலுக்கை வைச்சிடாதேங்கோ. அதுகளுக்கு வெயில் கூடாது. சட்டைக் கை நீளமாத் தைக்கோணும்."

பாம்புக்குச் சட்டை இல்லை என்று நான் சொல்லவில்லை. "ஓம் ஐயா, நான் பாத்துக்கொள்ளுறன்" என்றேன்.

அக்காவின் சாமான்களில் நான் எடுத்துக்கொண்டவை: ஒரு கறுப்புச் சீட்டு, ஒரு சிவப்புச் சீட்டு, அவர் கை நடுங்க எழுதிய இரண்டு துண்டு, அந்த வெள்ளைக் குஞ்சு. அதன் பெட்டியில் ‘யூட்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். என் வீட்டில் யன்னல் தெற்குப் பக்கம், வெயில் நேரே உள்ளே விழும். போனை வைத்த கையோடு எழும்பிப் போய் யன்னல் சீலையை இழுத்து மூடினேன்.